கன்று வீசிய மாடு நன்றாகத் தின்கிறது, பால் கறக்கிறது: அப்புறம் என்ன பயம்?

கேள்வி கேட்டவர் வாழப்பாடி பக்கம் நான்கு கறவை மாடுகளும் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகளும் வைத்திருக்கிறார். இரண்டாம் ஈத்துச் சினையிலிருந்த ஜெர்சி கலப்பு மாடு ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது, அதாவது கரு கலைந்து குறைமாதத்திலேயே விழுந்துவிட்டது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாமல் நின்றதால் வெறுங்கையை விட்டு அவரே எடுத்திருக்கிறார். கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, புருசெல்லா, அதாவது கன்று வீச்சு நோய்க் கிருமி என்று சொல்லிவிட்டார். மாட்டுக்கோ காய்ச்சல் இல்லை, தீவனம் மிச்சம் வைப்பதில்லை, வேளைக்கு மூன்று லிட்டர் கறக்கிறது. "நோய் இருக்கிற மாடு இப்படித் தின்னுமா? பரிசோதனை தப்பாக இருக்குமா? வீட்டில் யாருக்காவது ஒட்டுமா?" என்று கேட்கிறார்.

தின்னும். புருசெல்லா பிடித்த மாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கோமாரி வந்தால் வாயில் புண், எச்சில் ஒழுகல், நொண்டல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கன்று வீச்சு நோய் அப்படி எதையும் வெளியே காட்டாது. சினையின் பிற்பகுதியில், ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்றை வீசுவதும் இளங்கொடி நின்றுபோவதும்தான் அது தரும் ஒரே பெரிய அடையாளம். அதையும் பெரும்பாலான மாடுகள் ஒரே ஒரு முறைதான் தரும். அடுத்த ஈத்தில் மாதம் நிறைந்து, துள்ளுகிற கன்றைப் போடும். வீட்டுக்காரரும் "அன்னைக்கு ஏதோ முட்டிக்கிச்சு, அதனால விழுந்திருச்சு" என்று முடித்துவிடுவார். ஆனால் அந்த நல்ல கன்றோடு வருகிற பனிக்குட நீரிலும் இளங்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் வெளியேறும். பாலில் விட்டுவிட்டு, பல ஈத்துகளுக்கும் வரும்.

காரணம் கிருமி ஒளிந்திருக்கும் இடம். அது பெரும்பாலும் ரத்தத்தில் அலைவதில்லை. நோயைத் தின்று ஒழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறி, மடிக்குப் பக்கத்து நெறிகட்டிகளிலும் மண்ணீரலிலும் அமைதியாகக் கிடக்கும். மாடு சினையாகி நஞ்சுக்கொடி வளர ஆரம்பித்ததும், அதில் ஊறும் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருள் இந்தக் கிருமிக்குப் பிடித்த தீனியாகிவிடும். அங்கே பெருகி, கொடியை அழித்து, கன்றை வெளியே தள்ளும். சினையில்லாத நாளில் மாடு சாது. ஈனும் நாளில்தான் அது பெரிய ஆபத்து.

இது நூறு வருஷத்துக்கு முன்பே நிரூபணமான விஷயம். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் காரணம் தெரியாத நீண்ட காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் 1887-இல் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. 1905-இல் மால்டாவின் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சமிட் உள்ளூர் வெள்ளாடுகளைச் சோதித்தபோது, கொழுகொழுவென்று இருந்த ஆடுகளின் ரத்தத்திலேயே அறிகுறி கிடைத்தது. அடுத்த வருஷம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. உங்கள் பட்டியிலும் வெள்ளாடு இருப்பதால் இதைச் சொல்கிறேன். மாட்டு வகைக் கிருமியைவிட ஆட்டு வகைக் கிருமி மனிதனைக் கடுமையாகத் தாக்கும். ஒரே கொட்டாயில் கட்டினால் ஆட்டிலிருந்து மாட்டுக்கும் அது தாவும்.

பரிசோதனைக்கு வருவோம். ரத்தத்தில் சீரம் பிரித்து, ஊதா கலந்த சிவப்பு மருந்தில் ஒரு சொட்டு கலந்து, நான்கு நிமிஷம் ஆட்டிப் பார்ப்பதுதான் ரோஸ் பெங்கால் சோதனை. திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். இது தவறாகப் பாசிட்டிவ் காட்ட இரண்டு வழி உண்டு. கிடேரியாக இருந்தபோது தடுப்பூசி போட்டிருந்து, அதுவும் வயது தாண்டிப் போட்டிருந்தால் காட்டலாம். வேறொரு குடல் கிருமியின் சாயலிலும் ஏமாறலாம். ஆனால் ஏழாம் மாத வீச்சு, நின்றுபோன இளங்கொடி, பாசிட்டிவ் ரத்தம் மூன்றும் சேர்ந்து வந்த இடத்தில் தவறு என்று நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல. சந்தேகம் இருந்தால் எலைசா பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாவட்ட கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி இரண்டையும் மருத்துவர் வழியாகவே அணுகலாம். தவறாக நெகட்டிவ் வருவதுதான் இதைவிட மோசம். வீசிய அன்றே எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் ஊறாமல் இருக்கலாம். அப்படி நெகட்டிவ் வந்த மாட்டை மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்காமல் விடக்கூடாது.

இனி உங்கள் உடம்பு. வெறுங்கையால் இளங்கொடி எடுத்ததுதான் இதில் பெரிய விஷயம். கையிலிருக்கும் சின்னச் சிராய்ப்பு போதும், கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும், அந்த ஈரக் காற்றை முகர்ந்தாலே போதும். ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தெரியும். சிலருக்கு மாதக்கணக்கில் தள்ளியும் வரும். ஆகவே ஆறு மாதம் கவனமாக இருங்கள். அறிகுறி எதுவும் இல்லாதபோது நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ஆனால் நடந்ததை இப்போதே ஒரு மருத்துவரிடம் சொல்லி, அடிப்படை ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்தால், பிற்பாடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

காய்ச்சல் எப்படி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இது எளிதில் வேறு பெயரில் ஓடிவிடும். காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஏறும். ராத்திரி போர்வை நனைகிற வியர்வை. இடுப்பும் முதுகும் மூட்டும் வலிக்கும். சோர்வு ஆளைத் தூக்கிப் போடும். ஆண்களுக்கு ஒரு பக்க விதை வீங்கலாம். இரண்டு வாரம் போனதும் பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டுக்கான வைடால் சோதனை எடுப்பார்கள், ஏதோ ஒரு அளவு காட்டும், டைபாய்டு என்று ஊசி ஐந்து நாள் ஏறும். காய்ச்சல் சற்று அடங்கும், பத்து நாளில் திரும்பும். முதுகெலும்பில் இறங்கிவிட்டால் காசநோய் என்று சந்தேகிப்பார்கள். இந்தச் சுற்றில் மாதங்கள் போய்விடும். இதைத் தவிர்க்க நீங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது: "எங்க மாடு ஏழாம் மாசத்துல கன்னு வீசிச்சு, ரத்தத்துல புருசெல்லா பாசிட்டிவ், இளங்கொடியை நான்தான் கையால எடுத்தேன், இன்ன தேதி." நோயாளி இந்தத் தகவலைத் தராவிட்டால், ஒரே காலையில் அறுபது காய்ச்சல்காரர்களைப் பார்க்கிற மருத்துவருக்குத் தோன்ற வழியே இல்லை. ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் புருசெல்லா சந்தேகம் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கிருமி மெதுவாக வளரும் என்பதால் தட்டைச் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடக்கூடாது. தெரியாமல் திறந்து முகர்ந்தால் ஆய்வகத்தில் இருப்பவருக்கே தொற்றிவிடும்.

மருந்து உண்டு, நன்றாகக் கேட்கும். ஒற்றை மருந்தும் குறுகிய நாளும்தான் எதிரி. கிருமி அணுவுக்குள் ஒளிந்திருப்பதால் இரண்டு மருந்து சேர்த்து, ஆறு வாரம் கொடுப்பார்கள். வழக்கமாகப் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை மாலை 6 வாரம், அதோடு ரிஃபாம்பிசின் அதே 6 வாரம். அல்லது ரிஃபாம்பிசினுக்குப் பதில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இரண்டு மூன்று வாரம். காசநோய் சந்தேகம் தீராத இடத்தில் ரிஃபாம்பிசினைத் தவிர்ப்பார்கள். அது காசநோய் மருந்தும் என்பதால், பாதி வைத்தியத்தில் அந்த நோய் மருந்துக்குப் பழகிவிடும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது ரத்தமல்ல. டாக்ஸிசைக்ளினை நிறைய தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வேறு மருந்துக் கணக்கு. மூன்றாம் வாரத்தில் உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். நோய் திரும்புவதும் அதனால்தான். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், மாட்டுக்கொட்டாய் வேலையிலிருந்து இன்றைக்கே விலக்குங்கள். இந்தக் கிருமியால் அவர்களுக்கும் கரு கலையலாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது மிக அரிது, அதனால் தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

கொட்டாயைச் சுத்தம் செய்ய ஆரம்பிப்பதற்கு முன் துடைப்பத்தைத் தொடாதீர்கள். காய்ந்த தூசியைப் பெருக்கினால் கிருமி காற்றில் ஏறும். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். சாணம், வைக்கோல், கோழை எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் குழிக்குக் கொண்டு போங்கள். தரையை 10 லிட்டர் வெந்நீருக்கு 400 கிராம் சலவைச் சோடா என்ற கணக்கில் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசிவிடுங்கள். அதற்குப் பிறகே பிளீச்சிங் பவுடர். புதுப் பையிலிருந்து 10 லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, அரை மணி நேரம் நிற்க விடுங்கள். சாணம் இருக்கும் தரையில் ஊற்றினால் குளோரின் சாணத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. மூத்திரம் தேங்கிய இடத்தில் ஊற்றினால் கண் எரிக்கும் வாயு கிளம்பும். அலசல் முதலில் வருவது இந்த இரண்டு காரணத்துக்கும்தான். வாயைத் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பையில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது.

வீசிய கன்றும் இளங்கொடியும் எங்கே போயின என்று நீங்கள் எழுதவில்லை. நல்லபடி ஈன்ற மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டு. நாய்க்கு எட்டாது என்ற அளவில் அது சாமர்த்தியமான வழக்கம்தான். ஆனால் வீசிய மாட்டின் கொடியை அப்படித் தொங்கவிட்டால் அடியில் நடப்பவர் தலையில் சொட்டும், காக்கை கொத்திக் கொண்டு போகும். அதற்குக் குழிதான் சரி. ஆறடி ஆழம், அடியில் சுட்ட சுண்ணாம்பு, மேலே சுண்ணாம்பு, மண் மூடி முள் போட்டு, மேலே பெரிய கல். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் நூறடியாவது தள்ளி. ஏற்காடு மேலே இருப்பவர்களுக்கு இது சிரமம். நான்கடியில் பாறை தட்டும், கீழே ஊற்று நீரைக் குடிக்கிற வீடுகள் இருக்கும். அங்கே விறகும் டீசலும் போட்டு எரித்துவிடுவதே நல்லது. இன்னொன்று, சேலத்து வெயிலில் நேராகக் காய்ந்தால் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் செத்துவிடும். சேர்வராயன் மலையின் நிழலிலும் ஈரத்திலும் வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூடத் தாங்கும். மலையில் "நாள்பட்டுப் போச்சு, இனி ஒண்ணுமில்லை" என்ற கணக்கு செல்லாது. நாய் தின்றிருந்தால் அதுவும் கிருமி சுமக்கும். நாயைக் கொட்டாய்க்குள் விடாதீர்கள்.

அடுத்தது பால். பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துப் போகும். பாஸ்டரைசேஷன் கணக்கே 63 டிகிரியில் அரை மணி நேரம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடிதான், பொங்கும் பால் அதைத் தாண்டிவிடுகிறது. குளிர்பெட்டியில் வைப்பதால் சாகாது, பச்சைப் பாலை உறை ஊற்றித் தயிராக்கினாலும் உடனே சாகாது. சீம்பாலில்தான் ஏமாறுவார்கள். வெல்லம் போட்டு ஆவியில் வைக்கும்போது ஓரம் கட்டியாகி, நடு இளகலாக இருக்கும்போதே இறக்கி, பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் போகும். நடுவில் குச்சி விட்டால் ஒட்டாமல் வரும் வரை வெந்து, அதன் மேலும் பதினைந்து நிமிஷம் வேகட்டும். வீசிய மாட்டுச் சீம்பாலை மனிதர் யாரும் தொட வேண்டாம். பிள்ளைக்குச் சளிக்கு நல்லது என்று கறந்த சூட்டில் வெள்ளாட்டுப் பால் கொடுப்பது, அபிஷேகத்துப் பச்சைப் பாலைத் தீர்த்தமாகக் குடிப்பது இரண்டும் இதே கணக்கில்தான் வரும். சுவரொட்டியை அனலில் காட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே ரத்தம் ஊறும் என்று சாப்பிடுகிறார்கள். சுவரொட்டி என்பது மண்ணீரல், புரூஸ் கிருமியைப் பிடித்த உறுப்பே அதுதான். நறுக்கிக் குழம்பில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். கறிக்கடையில் அறுக்கிறவருக்குச் சாப்பிடுகிறவரைவிட ஆபத்து அதிகம்.

அந்த மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் முடிவு சொல்லும் வரை பால் சங்கத்துக்கும் ஊற்ற வேண்டாம், வாடிக்கை வீடுகளுக்கும் ஊற்ற வேண்டாம். வேறு கன்றுக்குக் கொடுத்தாலும் காய்ச்சியே கொடுங்கள். கறப்பதென்றால் மற்ற மாடுகளை முடித்துவிட்டுக் கடைசியில், தனிப் பாத்திரத்தில். குறைந்தது ஒரு மாதம், கழிவு ஒழுகல் நிற்கும் வரை தனியாகக் கட்டுங்கள்.

"ஊசி போட்டுச் சரிபண்ண முடியாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். மாட்டுக்கு நம்பகமான வைத்தியம் இல்லை. ஆன்டிபயாடிக் அடுக்கினால் பாலில் கிருமி சில நாள் குறையும், நெறிகட்டிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். பணமும் போகும், பாலில் மருந்தும் சேரும். பாசிட்டிவ் மாட்டை மந்தையிலிருந்து நிரந்தரமாக நீக்குவதுதான் உலகம் முழுக்கச் செய்வது. நம்மிடம் அது சுலபமில்லை, அறுபதாயிரம் எழுபதாயிரம் போட்டு வாங்கிய மாடு. அதனால்தான் பாதிப் பேர் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். கொங்கணாபுரத்திலோ வீரகனூரிலோ வாங்குபவர் பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், மடி நரம்பைத் தடவுவார், தரகர் துண்டுக்குள் விரலைப் பிடிப்பார். ரத்தம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மாடும் அப்படித்தான் உங்களிடம் வந்திருக்கக்கூடும். கறவை மாடாகவோ சினை மாடாகவோ அதை விற்காதீர்கள். வைத்துக்கொள்வதானால் மறுபடி சினைக்கு விடாமல், பிரித்துக் கட்டி வையுங்கள். சினையானால்தான் கிருமி கொட்டும்.

மீதி மூன்று மாட்டுக்கும், எல்லா வெள்ளாட்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முப்பது நாள் இடைவெளியில் தொடர்ந்து இரண்டு முறை நெகட்டிவ் வந்தால்தான் நிம்மதி. சினையாக இருப்பதை ஈன்ற பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். நோய்த் தாய்க்குப் பிறந்த கிடேரிகளில் சில, ரத்தத்தில் எதையும் காட்டாமல் வளர்ந்து, தலைச்சன் ஈத்தில்தான் காட்டிக்கொடுக்கும். வாங்கி வரும் உருப்படியையும் முப்பது நாள் தனியே கட்டிச் சோதித்த பிறகே உள்ளே சேருங்கள்.

கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுப் பெண் கன்றுகளுக்கு, மாட்டுக்கும் எருமைக்கும், ஆயுளில் ஒரே முறை இலவசமாகப் போடுகிறார்கள். காளைக் கன்றுக்குப் போடக்கூடாது, விதையைத் தாக்கும். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசக்கூடும். உயிருள்ள கிருமி ஊசி என்பதால், பிடிக்கும்போது கன்று திமிறி ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் அதுவே நோயாகும். உடனே கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். போட்ட தேதியைக் காதுத் தோட்டு எண்ணோடு எழுதி வையுங்கள். பிற்பாடு ரோஸ் பெங்கால் பாசிட்டிவ் வந்தால் அந்தக் குறிப்புதான் உதவும். வெள்ளாடும் செம்மறியும் இந்தத் திட்டத்தில் இல்லை. சேலம் கருப்பு வெள்ளாடும் மேச்சேரிச் செம்மறியும் நிறைந்த மாவட்டத்தில் இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

ஆடுகளில் நான்காம் மாத வீச்சைக் கவனியுங்கள். கிடை போடும் மந்தையில் ஒன்று வீசினால் கிடை நகர்ந்துவிடும், கிருமி அந்த நிலத்தில் தங்கிவிடும். குட்டி மூச்சு விடாமல் கிடந்தால் மூக்கில் வாய் வைத்து ஊதுவார்கள், அதை அறவே விடுங்கள். துணியால் கோழையைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகச் சற்றுத் தூக்கி, வைக்கோலால் விலாவைத் தேய்த்தால் மூச்சு வரும்.

ஆட்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு கிருமி காக்ஸியெல்லா, கியூ காய்ச்சல் என்பார்கள். ஆடு எதையும் காட்டாது. குட்டி போட்ட இடத்துத் தூசி காய்ந்து காற்றில் வந்தே நுரையீரலைப் பிடிக்கும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை வெள்ளாட்டுப் பண்ணைகளிலிருந்து 4000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது இதுதான். இதய வால்வுக் கோளாறு உள்ளவரும் கர்ப்பிணியும் குட்டி போடும் நாட்களில் பட்டிப் பக்கம் போகவே வேண்டாம். மாட்டு மூத்திரத்தில் வருவது எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா. எலியைக் குறை சொல்லிவிட்டு மாட்டை மறந்துவிடுகிறோம். நோய் தெரியாத மாடு மாதக்கணக்கில் மூத்திரத்தில் விடும், ஈர மண்ணில் வாரக்கணக்கில் நிற்கும். கறக்கும்போது முகத்தில் தெறித்தால் கழுவுங்கள். கன்று வீசிய மாட்டின் கோமியத்தையும் பச்சைப் பாலையும் பஞ்சகவ்யத்துக்கு எடுக்காதீர்கள், அந்த வாளியில் வெறுங்கை விட்டுக் கலக்குவதும் வேண்டாம். கெண்டைக்கால் வலி, சிவந்த கண்ணோடு திடீர்க் காய்ச்சல் வந்தால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி எந்த மாடு ஈன்றாலும், நோய் இருக்கிறதோ இல்லையோ, சினை ஊசி போடுபவர்கள் பயன்படுத்தும் தோள் வரைக்குமான பிளாஸ்டிக் கையுறை, முகக்கவசம், ஒரு சாதாரணக் கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பக்கத்தில் போங்கள். இளங்கொடி பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் நின்றால் இழுக்காமல், கல் கட்டித் தொங்கவிடாமல், மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-ஐ அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும்.